ஆன் ஹாமில்டன்: துணி, சொல், புலன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன் ஹாமில்டன் யார்?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் லைமா என்ற ஊரில் 1956-இல் பிறந்தவர். கான்சஸ் பல்கலைக்கழகத்தில் துணி வடிவமைப்பு படித்து 1979-இல் பட்டம் பெற்றார். அதன் பிறகுதான் யேல் பல்கலைக்கழகத்தில் சிற்பம். அது 1985-இல் முடிந்தது. 1993-இல் படைப்பாளிகளுக்குத் தரப்படும் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. இத்தாலியின் வெனிஸ் நகரில் நடக்கும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியெனாலேயில், 1999-இல் அமெரிக்க அரங்கு முழுவதும் அவருடைய படைப்புதான். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் கற்பித்தவர்.

முதலில் தறி, பிறகு சிற்பம் என்ற இந்த வரிசையை மறக்கக் கூடாது. அவர் எந்தக் கூடத்துக்குள் நுழைந்தாலும் அதை நெய்ய வேண்டிய ஒன்றாகத்தான் பார்க்கிறார்.

நிறுவல் கலை, அதாவது இன்ஸ்டலேஷன், என்றால் சுருக்கமாக என்ன?

ஓர் இடத்தையே படைப்பாக ஆக்குவது. சுவரில் மாட்டிய ஓவியத்தை எதிரே நின்று பார்க்கிறோம். நிறுவலுக்குள் நாம் நடக்கிறோம். தரை, வெளிச்சம், மணம், ஓசை, அங்கே உட்கார்ந்திருக்கும் ஆள் எல்லாம் அதில் சேர்த்தி. பெரும்பாலானவை சில வாரமோ சில மாதமோ இருந்துவிட்டுக் கலைக்கப்படும்.

துணிக்கும் மொழிக்கும் என்ன சம்பந்தம்? இரண்டையும் ஏன் சேர்த்தே பேசுகிறார்கள்?

ஆங்கிலத்தில் பனுவலைக் குறிக்கும் ‘டெக்ஸ்ட்’, துணியைக் குறிக்கும் ‘டெக்ஸ்டைல்’ இரண்டும் நெய்தலைக் குறிக்கும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. தமிழருக்கு இதை விளக்க லத்தீன் தேவையே இல்லை. நூல் என்றால் இழை, நூல் என்றால் புத்தகம். பா என்றால் செய்யுள். தறியில் நீளவாக்கில் ஓடுவதும் பாதான். நன்னூலின் பாயிரம் இந்த உவமையை உறுப்பு உறுப்பாகப் பிரித்தே சொல்கிறது: சொல்தான் பஞ்சு, செய்யுள்தான் இழை, புலவன் நூற்கும் பெண், அவன் வாய் அவளுடைய கை, அவன் மதி கதிர், அதாவது நூல் நூற்கும் கோல்.

வாயைக் கைக்கு ஈடாக வைக்கும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் ஹாமில்டனின் பாதிப் படைப்புகள் திறந்துகொள்ளும். வாசிப்பதையும் அவர் கைவேலையாகவே நடத்துகிறார். ஒருவர் வரி வரியாக வாசித்துக்கொண்டே எதையாவது செய்துகொண்டிருப்பார்: அழிப்பார், சுடுவார், எழுதுவார். இதைக் கவனிக்காமல் “துணி என்றால் நினைவு, தேன் என்றால் உழைப்பு” என்று பொருள்களுக்கு அர்த்தம் எழுதிக்கொண்டு போகும் விமர்சனங்கள் படைப்பைத் தொடாமலே முடிந்துவிடுகின்றன.

‘இண்டிகோ ப்ளூ’வில் என்னதான் இருந்தது?

1991. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் ஸ்போலேட்டோ கலைவிழாவை ஒட்டி, ஊரின் கடந்தகாலத்தை எடுத்துப் பேசும் கண்காட்சி ஒன்று நடந்தது. பல கலைஞர்கள் நகரின் பல இடங்களில் படைத்தார்கள். ஹாமில்டன் எடுத்துக்கொண்டது பிங்க்னி தெருவில் இருந்த ஒரு பழைய வண்டிப் பட்டறை.

நடுவில் தாழ்வான ஒரு மேடை. அதன்மேல் டன் கணக்கில் நீலநிற வேலை உடைகள்: தொழிலாளிகள் போட்டுக் கழித்த சட்டைகளும் கால்சட்டைகளும். ஒவ்வொன்றும் கையால் தட்டி மடித்து அடுக்கப்பட்டது. குவியலுக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு ஆள், நீல அட்டை போட்ட புத்தகங்கள். அந்த ஆள் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி ரப்பராலும் எச்சிலாலும் அழித்துக்கொண்டே வருவார். ரப்பர்த் துகள் மேசையிலேயே சேரும். மாடியறையில் வலைப்பைகளில் சோயா மொச்சை தொங்கியது. அவ்வூரின் ஈரக்காற்றில் அது முளைவிட்டு அழுகத் தொடங்கியது. அந்த மணமும் படைப்பில் சேர்ந்ததுதான்.

நீலம் ஏன் என்றால், அந்த ஊர் நீலத்தில் பிழைத்த ஊர். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் எலைசா லூக்கஸ் பிங்க்னி அங்கே அவுரிச் சாகுபடியை நிலைப்படுத்தினார். அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அதைப் பயிரிட்டுச் சாயம் எடுத்தார்கள். வரலாற்றுப் புத்தகத்தில் பெயர் ஏறாதவர்கள் அவர்கள். குவியலில் இருக்கும் ஒவ்வொரு சட்டையும் ஓர் உடம்பின் அளவு. பின்னால் உட்கார்ந்தவர் எழுத்தை அழிக்கிறார். முன்னால் உடம்புகள் அடுக்கிக் கிடக்கின்றன. இதற்கு விளக்கப் பலகை எதற்கு?

அப்படி ஒரு துணிக் குவியலை அடுக்க என்ன கணக்கு?

பழைய பருத்திச் சட்டை ஒன்று சுமார் 300 முதல் 400 கிராம், கால்சட்டை 600 முதல் 700 கிராம். கலந்து சராசரி அரைக் கிலோ என்று வைத்தால், ஒரு டன்னுக்கு 2,000 உருப்படி. ஒருவர் நிதானமாக மடித்தால் ஒன்றுக்கு ஒரு நிமிடம். 2,000 உருப்படிக்கு 33 மணி நேரம், அதாவது நான்கு பேருக்கு ஒரு முழுநாள்.

சரிவது எப்போதும் ஓரத்தில்தான். மடிப்பு விளிம்பு வெளியே தெரிய, செங்கல் அடுக்குவதுபோல் ஒரு வரிசையின் சந்தின்மேல் அடுத்த வரிசையின் நடு வரவேண்டும். ஒவ்வொரு வரிசையும் இரண்டு விரல்கடை உள்வாங்கிப் போகட்டும். பொத்தான் வைத்த பக்கமும் காலரும் தடிமன் கூடியவை. எல்லாவற்றையும் ஒரே திசையில் வைத்தால் நாலு அடி எழும்புவதற்குள் குவியல் ஒரு பக்கம் சாயும். ஒன்றுவிட்டு ஒன்று திருப்பி வையுங்கள்.

தளத்தின் பாரத்தை யாரும் யோசிப்பதில்லை. மடித்த பருத்தி ஒரு கன மீட்டருக்கு 200 கிலோவுக்குமேல் எளிதில் போகும். இந்திய நியமப்படி வீட்டுத் தளம் தாங்க வடிவமைக்கப்படுவது சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. மாடியறையில் ஆளுயரக் குவியல் வேண்டுமென்றால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் ஒரு சட்டைகூட ஏற்றாதீர்கள். பத்துச் சட்டையை மடித்து அடுக்கி, எடையும் உயரமும் எடுத்துக்கொண்டு போனால் அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

எச்சிலால் அச்செழுத்து அழியுமா?

புத்தகத்தைப் பொறுத்தது. பூச்சில்லாத தாளில் மசி இழையின் மேற்பரப்பில் இறங்கியிருக்கும். ஈரம் அந்த இழையை இளக்கும், ரப்பர் மசியோடு சேர்த்து மேல்தோலை உரித்துக்கொண்டு வரும். ஆக, அழிப்பது என்பது உண்மையில் தாளைச் சுரண்டுவதுதான். வழவழப்பான பூச்சுத் தாளில் ஈரம் பட்டால் பூச்சே கூழாகிச் சாம்பல் நிறத்தில் ஈஷிக்கொள்ளும். லேசர் அச்சில் மசி பிளாஸ்டிக்காக உருகி ஒட்டியிருப்பதால் ரப்பருக்கு அசையாது. இங்க்ஜெட் அச்சு பரவி அழுக்காகும். பழைய, பூச்சில்லாத தாளில் அச்சான சட்டப்புத்தகமோ கணக்குப் புத்தகமோதான் இதற்கு வாகு.

ஓர் ஆளின் எச்சில் பட்ட பக்கத்தை இன்னொருவர் தொடர வேண்டாம். ஆளுக்கு ஒரு புத்தகம். பூஞ்சை மணம் வரும் புத்தகத்தை விரல் தொட்டு வாய்க்குக் கொண்டுபோகும் வேலைக்கு எடுக்கவே கூடாது.

‘ட்ரோபோஸ்’ படைப்பில் புத்தகத்தையே எரித்தார்களாமே. அது சரியா?

எரித்துப் போடவில்லை. நியூயார்க்கில் டியா கலை மையத்தில் 1993 இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த ஆண்டின் நடுப்பகுதி வரை இருந்த படைப்பு அது. பெரிய தொழிற்கூடத் தளம் முழுக்கக் குதிரைமுடி, கொத்துக் கொத்தாகத் தைத்துப் பரப்பியது. அதன் அடியில் தரையே மெல்ல ஏறி இறங்கியது. நடப்பவருக்குக் கால் சிக்கும், நடை தானாக மெதுவாகும். சன்னல்களின் கண்ணாடியை மாற்றி, வெளிச்சம் வரும் ஆனால் வெளி தெரியாது என்று செய்திருந்தார்கள். தூரத்தில் சிறு மேசையில் ஒருவர் மௌனமாக வாசித்துக்கொண்டே, வாசித்த வரியைச் சூடான மின்முனையால் சுட்டுக்கொண்டே போவார். வாசித்தது புகையாகி முடியில் ஏறி அறையிலேயே தங்கும். பேச்சிழப்பு நோயால் சொல் தடுமாறும் ஒருவரின் குரல் எங்கிருந்தோ கேட்கும்.

புத்தகத்தை மதிக்கும் பண்பாட்டில் வளர்ந்தவருக்கு, காலில் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்பவருக்கு, இது உறுத்தும். உறுத்த வேண்டியதுதான். ஆனால் வாசிக்காமல் ஒரு வரியும் சுடப்படவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சொல்லும் ஒருவரின் கண் வழியாகப் போன பிறகே போகிறது. அந்த வாசகரைப்போல ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு நேரம் கொடுத்தவர் குறைவு.

மாணவர்கள் இதைத் திரும்பச் செய்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். தாள் சுமார் 230 பாகை செல்சியஸில் பற்றிக்கொள்ளும். கட்டுப்பாடில்லாத சாதாரண பற்றவைப்புக் கோல் (சால்டரிங் அயர்ன்) 350-ஐத் தாண்டும். வெப்பம் குறைத்து வைக்கக்கூடிய கோல், கீழே ஓடு, பக்கத்தில் ஈர மணல், திறந்த சன்னல், கூடவே இரண்டாவது ஆள், இத்தனையும் இல்லாமல் தொடாதீர்கள். மூடிய அறையில் முடியாது என்றால் ஊசியால் வரியைக் குத்திக்கொண்டே வாசிக்கலாம். பின்பக்கத்தைத் தடவினால் வரி விரலுக்குத் தெரியும். அது வேறொரு படைப்பாகிவிடும், நல்லதாகவே.

தேனில் காசு பதித்தது எந்தப் படைப்பு?

‘ப்ரைவேஷன் அண்ட் எக்ஸஸஸ்’, 1989, சான் பிரான்சிஸ்கோவின் கேப் ஸ்ட்ரீட் ப்ராஜெக்ட் என்ற கலைக்கூடம். படைப்புக்குத் தந்த பணத்தில் 7,500 டாலரை ஒரு சென்ட் காசுகளாக மாற்றினார்: 7,50,000 காசு. தரையில் 45 அடிக்கு 32 அடி தேன் பூசி, அதன்மேல் காசைக் கையால் பதித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் மடியில் தேன் நிறைந்த தொப்பி. அதில் கையைத் தோய்த்துப் பிசைந்துகொண்டே இருப்பார். பின்னால் பட்டியில் மூன்று செம்மறியாடுகள்.

இந்த எண்களைக் கொஞ்சம் உருட்டிப் பாருங்கள். ஒரு சென்ட் காசின் குறுக்களவு 19.05 மில்லிமீட்டர். 45-க்கு 32 அடி என்பது ஏறத்தாழ 134 சதுர மீட்டர். ஒன்றோடொன்று தொடும்படி கட்டம் கட்டமாக வைத்தால் சுமார் 3,70,000 காசிலேயே தரை நிறைந்துவிடும். ஏழரை லட்சம் பிடித்தது என்றால் ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறிய அடுக்கு, மீன் செதில்போல. பதித்தவர்களின் கைப்போக்கு மாற மாற அதில் அலைகள் விழுந்தன. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் அதை உயிருள்ள ஒன்றின் தோல்போலத்தான் பார்த்தார்கள். காசின் எடை மட்டும் இரண்டு டன் அளவுக்கு வரும்.

தேனை நம் ஊரில் முயல்பவர்களுக்கு: தேன் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் மேற்பரப்பு நீர்த்து, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் காசையும் இழுத்துக்கொண்டு ஓடும். நீர்ப்பங்கு 20 சதவீதத்தைத் தாண்டினால் புளிக்கத் தொடங்கும். ரசமட்டம் வைத்துத் தரையைச் சரிபாருங்கள், பூச்சு 1 முதல் 2 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம், அடியில் தடித்த பாலித்தீன் விரித்து ஓரத்தை ஒரு அங்குலம் மேலே மடியுங்கள். அதற்கு வெளியே எறும்புக்கு நீர்க்கால். இவ்வளவு செய்தும் ஈ வரும். மாலையில் மெல்லிய வலை போட்டு மூடவேண்டியிருக்கும்.

‘தி ஈவென்ட் ஆஃப் எ த்ரெட்’ எப்படி இயங்கியது?

அவர் படைப்புகளில் பலரும் நேரில் அனுபவித்தது இதுதான். நியூயார்க், பார்க் அவென்யூ ஆர்மரி, 2012 டிசம்பர் முதல் 2013 ஜனவரி வரை. பழைய படைப்பயிற்சிக் கூடம். 55,000 சதுர அடி, நடுவில் தூணே கிடையாது. தலைப்பு, நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸ் கைத்தறி பற்றி எழுதியதிலிருந்து எடுத்தது.

கூடத்தின் குறுக்கே பெரிய வெண்பட்டுத் துணி. இருபுறமும் 42 ஊஞ்சல், கூரை உத்தரத்திலிருந்து தொங்கியவை. ஒவ்வொரு ஊஞ்சலும் கயிறும் கப்பியும் வழியாகத் துணியோடு கட்டப்பட்டிருந்தது. யாராவது ஆடினால் துணியில் ஓர் இடம் எழும்பித் தாழும். பத்துப் பேர் ஆடினால் பத்து இடம். யார் எதை அசைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆடுவதை நிறுத்தினால் மட்டும், துணியில் ஏதோ ஓர் இடம் அடங்குவது தெரியும். மக்கள் துணிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடந்தார்கள். ஒரு முனையில் இரண்டு பேர் சுருளிலிருந்து வாசிப்பார்கள், எதிரே கூண்டுகளில் புறாக்கள். மறுமுனையில் கண்ணாடி பார்த்தபடி ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார். வாசிக்கும் குரல் காகிதப் பைகளில் வைத்த வானொலிப் பெட்டிகளில் கேட்கும். பையை எடுத்துக்கொண்டு நடக்கலாம். நாள் முடிவில் ஒருவர் பாடுவார், அது இசைத்தட்டில் பதிவாகும்; மறுநாள் ஒலிக்கும்.

ஊஞ்சலின் நீளத்தில் ஒரு நுட்பம். ஊஞ்சல் ஒரு முறை போய்வரும் நேரம் சங்கிலியின் நீளத்தைப் பொறுத்தது, ஆள் எடையைப் பொறுத்ததல்ல. பூங்கா ஊஞ்சல் 2 மீட்டர் என்றால் ஓர் ஆட்டம் மூன்று விநாடிக்கும் குறைவு. 20 மீட்டர் சங்கிலி என்றால் ஒன்பது விநாடி. குழந்தையும் கிழவரும் ஒரே தாளத்தில் ஆடுவார்கள், அதுவும் ஆழ்ந்த மூச்சைப்போல மெதுவாக. துணி மூச்சுவிடுவதுபோல் தெரிந்தது என்று பார்த்தவர்கள் சொல்வதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம்.

சிறிய அளவில், ஓர் அறையில் இதைச் செய்ய முடியுமா?

ஊஞ்சல் இல்லாமல், கையால் இழுக்கும் கயிறு வைத்துச் செய்யலாம். 6 மீட்டருக்கு 3 மீட்டர் துணி, ஆறு கயிறு, பன்னிரண்டு கப்பி போதும்.

துணியின் எடைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பட்டை ‘மோமி’ என்ற அளவால் விற்பார்கள். ஒரு மோமி சதுர மீட்டருக்கு 4.34 கிராம். 5 மோமி வெண்பட்டு என்றால் 18 சதுர மீட்டர் முழுவதும் 400 கிராமைத் தாண்டாது. 8 மோமி என்றால் 625 கிராம். மெல்லிய பருத்தி மல் சதுர மீட்டருக்கு 60 கிராம் பக்கம், மொத்தம் ஒரு கிலோவுக்குமேல். மெல்லிய துணி காற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கும், விழாது. பாலியெஸ்டர் மலிவு, ஆனால் நிலைமின்னேற்றத்தால் சுவரிலும் ஆள்மேலும் ஒட்டும், தீப்பட்டால் உருகிச் சொட்டும்.

அடிக்கடி வரும் தோல்வி: துணி ஏறும், இறங்காது. துணி லேசாக இருப்பதால் கப்பியின் உராய்வை அதன் எடை வெல்வதில்லை. பந்துத்தாங்கி (பால் பேரிங்) வைத்த கப்பியே வாங்குங்கள், 3 அல்லது 4 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் கயிறு போடுங்கள். நைலான் கயிறு இழுபட்டு நீளும், அதனால் கை இழுத்தது துணிக்குப் போய்ச் சேராது. அப்படியும் இறங்காவிட்டால் துணியில் கயிறு கட்டிய இடத்தில் 50 கிராம் தூண்டில் ஈயத்தைச் சிறு பையில் தைத்துவிடுங்கள்.

இரண்டாவது தோல்வி கிழிசல். கயிற்றைத் துணியில் நேராகக் கட்டினால் இழைகள் அந்தப் புள்ளியில் விலகிக் கொடுத்துவிடும். 15 சென்டிமீட்டர் சதுரத்தில் அதே துணியை இரட்டையாக ஒட்டுப்போட்டு, குறுக்கே பருத்தி நாடா தைத்து, நாடாவில் வளையம் கோத்துக் கயிறு கட்டவேண்டும். கடையில் கிடைக்கும் அகலம் பெரும்பாலும் 44 அங்குலம் என்பதால் மூன்று பட்டைகளை இணைக்க நேரும். தையலை உள்மடித்து இரட்டையாகப் போடுங்கள்; வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது பிசிறு கறுப்புக் கோடாகத் தெரியும். பருத்தி என்றால் தைப்பதற்கு முன் நனைத்துக் காயவைத்துவிடவும்.

பருத்திக்குத் தீக்காப்பு: 70 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 30 கிராம் போரிக் அமிலம், 650 மில்லி வெந்நீர் என்ற விகிதத்தில் கரைத்து, துணியை முக்கிப் பிழிந்து உலர்த்துங்கள். துவைத்தால் போய்விடும், மறுபடி செய்யவேண்டும். ஒரு கீற்றை வெளியே எடுத்துப்போய்க் கொளுத்திப் பார்த்த பிறகே மாட்டுங்கள். அரங்கின் தீயணைப்பு விதி வேறு கேட்டால் அதுவே முடிவு.

உண்மையான ஊஞ்சல்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. செங்குத்துக்கோட்டிலிருந்து 60 பாகை வரை ஆடினால், அடிப்புள்ளியைக் கடக்கும்போது சங்கிலியில் எடை இரட்டிப்பாகும். இரண்டு பேர் 140 கிலோ என்றால் 280. ஆளைத் தாங்கும் அமைப்புக்குக் குறைந்தது ஐந்து மடங்கு காப்பு வேண்டும்: 1,400 கிலோ. உத்தரம் அதைத் தாங்கும் என்று பொறியாளர் கையெழுத்திட வேண்டும். கொக்கியை வாரம் ஒருமுறை கழற்றித் தேய்மானம் பார்க்க வேண்டும்.

அவர் வாசிக்கவைக்கும் ‘கான்கார்டன்ஸ்’ என்பது என்ன? தமிழில் எப்படிச் செய்வது?

நாம் சொல்லடைவு என்போம். ஒரு நூலில் ஒரு சொல் வரும் எல்லா வரிகளையும் எடுத்து, அந்தச் சொல் நடுவில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்படி அடுக்குவது. ஹாமில்டன் அதைப் பல பனுவல்களைக் கலந்து செய்கிறார். நடுவில் சொல் முதுகெலும்புபோல் நிற்க, வரிகள் இருபுறமும் தறியின் குறுக்கிழையான ஊடைபோல ஓடும். மேலிருந்து கீழும் வாசிக்கலாம், குறுக்கேயும் வாசிக்கலாம். நெசவாளி கண்ணுக்கு அது துணியேதான்.

தமிழில் செய்யும்போது ஆங்கில முறையை அப்படியே பின்பற்றினால் பாதி வரிகள் விட்டுப்போகும். ‘நூல்’ என்று தேடினால் ‘நூலில்’, ‘நூலால்’, ‘நூலோடு’ எதுவும் சிக்காது. காரணம், கணினியில் புள்ளி தனிக் குறியீடு. ‘நூலில்’ என்பதில் முதல் லகரத்தோடு புள்ளி இல்லை, இகரக் குறி இருக்கிறது. அதனால் புள்ளியை விட்டுவிட்டு ‘நூல’ என்று தேடுங்கள், எல்லாம் வரும். ‘நூற்கும்’ போன்ற திரிபுகளுக்குத் தனியாக ‘நூற’. கூடவே ‘நூலகம்’ குவிந்து வரும், அதைக் கையால் களையவேண்டும். அல்லது களையாமல் விடலாம். அந்த முடிவுதான் படைப்பாளியின் வேலை.

ஒகர, ஓகார உயிர்மெய்கள் பழைய கோப்புகளில் இரண்டு துண்டுக் குறியாக உடைந்திருக்கும். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், தேடினால் கிடைக்காது. முதலில் கோப்பு முழுவதையும் ஒரே வகைக் குறியீட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

அடுக்குவதில் இன்னொரு சங்கடம். தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றல்ல. ‘ர’வும் ‘ணௌ’வும் எங்கே. இடைவெளி தட்டி நேராக்க முயன்றால் நிற்காது. மூன்று பத்தி அட்டவணை போடுங்கள்: இடப்பத்தி வலப்புறம் ஒட்டி, நடுப்பத்தி மையத்தில், வலப்பத்தி இடப்புறம் ஒட்டி. இருபுறமும் நான்கு அல்லது ஐந்து சொல் போதும். தமிழ்ச் சொல் நீளம் என்பதால் எட்டுச் சொல் வைத்தால் வரி மடங்கி முதுகெலும்பு முறியும். கோடுகளை மறைத்துவிட்டு அச்சிடுங்கள். 5 மீட்டர் நீளமுள்ள சுருளில் ஒரு சொல்லுக்கு 600 வரி வரை வரும். நடுச்சொல்லை விட்டுவிட்டு இருபுறத்தை மட்டும் இரண்டு பேர் மாறிமாறி வாசித்துப் பாருங்கள்; விட்ட சொல் கேட்பவர் மனத்தில் ஒலிக்கும்.

மணம், ஒலி, தொடுகை இவை எப்படி வருகின்றன?

வெனிஸில் 1999-இல் வைத்த ‘மையின்’ (myein) படைப்பில் சுவர்களில் பிரெய்ல் புள்ளிகள் பெரிதாகப் புடைத்திருந்தன. அமெரிக்கக் கவிஞர் சார்ல்ஸ் ரெஸ்னிகாஃபின் வரிகள். மேலிருந்து ஊதாச்சிவப்புப் பொடி ஓயாமல் உதிர்ந்து புள்ளிகளின் மேல்விளிம்பில் மட்டும் படிந்தது. தொட்டுப் படிக்க வேண்டியதைப் பொடி கண்ணுக்குக் காட்டியது, அதுவும் பலரால் படிக்க முடியாத எழுத்தில். கிசுகிசுக்கும் குரல் ஒன்று லிங்கனின் இரண்டாம் பதவியேற்பு உரையை எழுத்தெழுத்தாகச் சொன்னது. வெளியே வந்தவர்களின் தோளிலும் செருப்பிலும் அந்தப் பொடி.

2003 இறுதியில் மாசசூசெட்ஸின் மாஸ் மோக்கா கலை அருங்காட்சியகத்தில் தொடங்கிய ‘கார்ப்பஸ்’ இன்னும் எளிமை. கூரையில் 40 இயந்திரம். ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய தாளை உறிஞ்சித் தூக்கி, விட்டுவிடும். தாள் அசைந்து அசைந்து இறங்கும். மாதக்கணக்கில் லட்சக்கணக்கான தாள். மக்கள் அதில் அளைந்து நடந்தார்கள். ஒலிபெருக்கிகள் கூரையிலிருந்து இறங்கி ஏறும். சன்னலெல்லாம் சிவப்புப் பட்டு. இதை முயல்பவர்கள் தாளை அறையிலேயே இரண்டு நாள் பிரித்துப் போட்டு வைக்கவேண்டும். ஈரம் ஏறிய மெல்லிய தாள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக விழும்.

அறையில் உட்காரும் ஆளுக்கு என்ன சொல்லித்தரவேண்டும்?

நடிக்க வேண்டாம் என்பதைத்தான். பார்வையாளரைப் பார்க்கவும் வேண்டாம், தவிர்க்கவும் வேண்டாம். அரிசி பொறுக்கும்போது எப்படி இருப்போமோ அப்படி. 45 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். அதற்குமேல் போனால் கழுத்து பிடித்து, கை இயந்திரமாகிவிடும். பார்ப்பவருக்கு அது உடனே தெரியும். மாறும்போது வேலை பாதியில் நிற்காமல் ஒருவர் விட்ட வரியில் அடுத்தவர் தொடரவேண்டும்.

இப்போது போனால் பார்க்கக்கூடியது எது?

நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தின் கார்ட்லண்ட் சுரங்க ரயில் நிலையத்தில் ‘கோரஸ்’, 2018-இல் திறந்தது. வெள்ளைப் பளிங்கில் வெள்ளையாகவே புடைத்த எழுத்து, 4,350 சதுர அடி. 1948 மனித உரிமைப் பிரகடனமும் 1776 அமெரிக்க விடுதலைப் பிரகடனமும் சொல்லடைவு முறையில் பின்னியவை. ரயிலுக்கு நிற்பவர்கள் சுவரைத் தடவிக்கொண்டே நிற்கிறார்கள். சியாட்டில் மைய நூலகத்தில் மேப்பிள் மரத்தரை: 11 மொழிகளில் புத்தகங்களின் முதல் வாக்கியங்கள், அச்சுக்கோப்பின் எழுத்துபோலத் திருப்பிப்போட்டுப் புடைத்தவை, 556 வரி. காலுக்குத் தெரியும், கண் தடுமாறும். கலிபோர்னியாவின் ஆலிவர் பண்ணையில் 2007-இல் முடிந்த கோபுரத்துக்குள் இரட்டைச் சுழல்படி. ஒன்றில் ஏறுபவரும் மற்றதில் இறங்குபவரும் சந்திக்கவே மாட்டார்கள். அது தனியார் இடம்.

கலைத்த பிறகு என்ன மிஞ்சும்?

பெரும்பாலும் புகைப்படமும் அழித்த, சுட்ட புத்தகங்களும். ‘இண்டிகோ ப்ளூ’வை சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் 2007-இல் மறுபடி அடுக்கியது. துணியைக் காத்து வைப்பவர்களுக்கு எதிரி மூன்று: வெளிச்சம், ஈரம், பூச்சி. துணிமேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. கம்பளி, முடி, பட்டு மூன்றையும் பூச்சி தின்னும். கூடத்துக்குள் கொண்டுவருமுன் பாலித்தீன் பையில் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, கழித்தல் 20 பாகையில் ஒரு வாரம், அல்லது வீட்டு உறைபெட்டியின் கழித்தல் 18-இல் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தவுடன் பையைத் திறந்துவிடாதீர்கள். அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த துணிமேல் முத்து முத்தாகப் படிந்து கறை விழும். ஒரு நாள் முழுக்க மூடியபடியே கிடக்கட்டும்.

வாயால் படம் எடுத்தார் என்கிறார்களே?

ஆம், 2001-இல் ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ வரிசை. ஊசித்துளைக் கேமராவாக மாற்றிய சிறு டப்பாவை ஹாமில்டன் தன் வாயில் வைத்து, ஒருவரின் எதிரே நின்று வாய் திறந்தார். திறந்திருக்கும் நேரம்தான் படம் விழும் நேரம். உதடுகள் சட்டமாகி, படம் கண்ணின் வடிவத்தில் வரும். எதிரே நிற்பவர் அதில் கருவிழி. பேசும் வாயைப் பார்க்கும் உறுப்பாக்கிய வேலை இது.

செய்து பார்க்க: கறுப்பு ஃபிலிம் டப்பா, அதில் 25 மில்லிமீட்டர் தூரத்துக்கு 0.2 மில்லிமீட்டர் துளை. துளையை டப்பாவில் நேராகப் போடாமல் மெல்லிய தகட்டில் ஊசிமுனையால் குத்தி, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, உள்பக்கம் ஒட்டுங்கள். டப்பாவின் மற்ற பகுதி வாய்க்குள் போகும் என்பதால் புதியதாகவும் பசை வெளியே படாததாகவும் இருக்கட்டும். 100 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் ஒரு விநாடிக்குள் படம் விழும், வீட்டுக்குள் நிமிடக் கணக்கு. டப்பா அரைக்கால் வெளிச்சம் விட்டாலும் மூலை வெளுக்கும். மூடியின் ஓரத்தைக் கறுப்பு ஒட்டுநாடாவால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். எச்சில் துளையில் படிந்தால் படம் பனிமூட்டமாகிவிடும், ஆகவே நாக்கைக் கீழே வைத்துக்கொண்டு மூக்கால் மூச்சு விடுங்கள்.